எனக்கு வேண்டியது திரையின் உயரம்

லேப்டாப் வாங்கப்போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள்? படம் பார்க்க, கேம் ஆட என்றால் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுத, படிக்க, மெய்ப்புப் பார்க்க, பக்கம் வடிவமைக்க, புரோகிராம் எழுத என்றால் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. ரேம் எவ்வளவு, பிராசஸர் எந்தத் தலைமுறை என்று போவதற்கு முன்னால் திரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கடையில் சொல்லும் 14, 15.6 எல்லாம் மூலைக்கு மூலை அளவு. அதை மட்டும் வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

நான் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன், மெய்ப்பும் பார்ப்பேன். திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரில் கை பழகியது, இப்போது வீட்டிலிருந்தே இன்டிசைன். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி என்றால் அதற்கு முந்தைய இரண்டு மாதம் பதிப்பகங்களிலிருந்து ஃபைல்கள் வந்து குவியும், காலையில் உட்கார்ந்தால் இரவு வரை கண் முன்னால் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு பக்கம் முழுசாகத் தெரிகிறதா இல்லையா என்பது பெரிய விஷயம்.

கணக்கைச் சொல்கிறேன். நம் ஊரில் நாவலோ கட்டுரைத் தொகுப்போ பெரும்பாலும் டெமி சைஸ், 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். அங்குலத்தில் ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை. விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 11-க்கு எட்டரை. பழைய 15 அங்குல 4:3 திரையின் (அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு) அளவு 12-க்கு 9. அதாவது விரித்த புத்தகம் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே அந்தக் கண்ணாடிக்குள் அடங்கிவிடும், மெனுவுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் சுருக்கினால் போதும். இன்றைக்குப் பல வீடுகளில் இருக்கும் 15.6 அங்குல 16:9 திரை 13.6-க்கு 7.65. அகலம் தாராளம். உயரத்தில் பக்கமே நுழையாது. மேலே மெனு, கீழே டாஸ்க்பார் எல்லாம் போக மிஞ்சுவதில் பக்கத்தை நிஜ அளவில் வைத்தால் கீழே கால்வாசி மறைந்துவிடும்.

அந்தக் கால்வாசியில்தான் என் வேலையே இருக்கிறது. மேலே மூன்றாவது வரியில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லியிருப்பார். சேர்த்ததும் பத்தி ஒரு வரி நீளும், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவும், அங்கே தலையில் ஒற்றை வரி தனியாக நிற்கும், சில நேரம் அடிக்குறிப்பும் இடம் மாறிவிடும். உயரமான திரையில் இதெல்லாம் திருத்தும்போதே கண்ணில் படும். தட்டைத் திரையில் திருத்து, கீழே இறக்கு, பார், மேலே ஏற்று, அடுத்ததைத் திருத்து என்று நாள் முழுக்க ஸ்க்ரோல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பக்கத்தைச் சுருக்கி முழுசாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சுருக்கினால் வடிவம் தெரியும், எழுத்து தெரியாது. ஒற்றுக்குப் புள்ளி விழுந்திருக்கிறதா, அங்கே இருப்பது ர-வா காலா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தே பாதி நாள் போய்விடும்.

இதில் தமிழுக்குக் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. 'மூழ்கி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ழ-வின் வால் கீழே தொங்குகிறது, அதே எழுத்தின் தலையில் புள்ளி, பக்கத்திலேயே கி-யின் கொக்கி மேலே சுழித்துக்கொண்டு போகிறது. வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடாவிட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் இடித்துக்கொள்ளும். 11 பாயின்ட் அளவு ஆங்கில எழுத்துக்கு 13 பாயின்ட் வரி உயரம் வைத்தால் அழகாக இருக்கும். அதே 11 பாயின்ட் தமிழுக்கு நான் 15, 16 வைப்பேன். ஆக, ஆங்கிலம் 40 வரி தெரிகிற உயரத்தில் தமிழ் 33, 34 வரிதான் தெரியும். திரையின் உயரத்தில் ஒரு அங்குலம் குறைந்தால் ஆங்கிலத்தில் படிப்பவரைவிடத் தமிழில் படிப்பவர் இட நெருக்கடியை அதிகம் உணர்வது இதனால்தான். பக்கவாட்டில் கிடைத்த கூடுதல் அகலம் இதை ஈடுகட்டாது. புத்தகத்தின் ஒரு வரி நான்கு அங்குலம் என்றால் நான்கு அங்குலம்தான், மீதி இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கிறது.

சரி, இந்த அகலம் எங்கிருந்து வந்தது?

4:3 சினிமாவில் பிறந்தது. 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 35 மி.மீ. ஃபிலிமுக்கு வைத்த அளவு, அங்கிருந்து டிவிக்கு, டிவியின் படக்குழாயிலிருந்து கம்ப்யூட்டர் மானிட்டருக்கு, அப்புறம் லேப்டாப்புக்கு. பிக்சல் கணக்கில் 1024 × 768, 1400 × 1050, 1600 × 1200 எல்லாம் அந்தக் குடும்பம். 2001இல் ஆப்பிள் டைட்டானியம் பவர்புக் கொண்டுவந்தபோது 15.2 அங்குலத்தில் 1152 × 768 வைத்தார்கள், அது 3:2. அதைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் அகலத்துக்குப் போயின, பெரும்பாலும் 16:10. 2006இல் வந்த முதல் மேக்புக் 1280 × 800. அதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 16:10 நல்ல விகிதம். கொஞ்சம் அகலம் கிடைத்தது, உயரம் அதிகம் போகவில்லை.

2008இலிருந்து 2010க்குள் ஏறக்குறைய எல்லாம் 16:9 ஆனதுதான் பிரச்சினை. இந்த 16:9 கம்ப்யூட்டருக்காக யோசித்ததே இல்லை. 1980களில் அமெரிக்காவில் உயர்தரத் தொலைக்காட்சிக்கு எந்த விகிதம் வைப்பது என்று பேச்சு நடந்தபோது, எஸ்எம்பிடிஇ என்ற சினிமா, டிவி பொறியாளர்கள் அமைப்பின் குழுவில் இருந்த கெர்ன்ஸ் பவர்ஸ் என்பவர் அப்போது புழக்கத்தில் இருந்த பட விகிதங்களை எல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று நடு ஒத்துப்போகும்படி வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் 16:9க்கு அருகில் வந்தன. பழைய படமானாலும் அகலத்திரைப் படமானாலும் ரொம்ப இடம் வீணாகாத பெட்டி அது. டிவிக்கு மிக நல்ல யோசனை, நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் எழுத்து நிறைந்த பக்கம் ஒன்றுகூட இல்லை.

அதை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தது கண்ணாடி விலை. எல்சிடி பேனல்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஆளுயரக் கண்ணாடித் தகட்டில் ஒன்றாகச் செய்து வெட்டி எடுக்கிறார்கள். அச்சகத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். 18-க்கு 23 அங்குல டெமி தாளை எட்டாக மடித்தால் சேதாரம் இல்லாமல் புத்தகம் வருகிறது, அதனால்தான் அந்த சைஸ் நிலைத்தது, யாராவது கவிஞர் சதுரமாகத் தொகுப்பு வேண்டும் என்றால் தாள் வீணாகி விலை ஏறும். கண்ணாடியிலும் அதே கதை. டிவி பேனலுக்கு 16:9 என்று உலகமே மாறிவிட்ட பிறகு, லேப்டாப் பேனலும் அதே விகிதத்தில் இருந்தால் ஆலைகளுக்கு வசதி, ஒரே தகட்டில் அதிக எண்ணிக்கையில் வெட்டலாம். விற்பவர்களுக்கும் 'ஹெச்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். வாங்குகிறவர் என்ன வேலை செய்கிறார் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

அந்த மாற்றத்தில் நடந்த ஒன்றை இன்றைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 16:10 காலத்தில் வழக்கமான பெரிய லேப்டாப் 15.4 அங்குலம். 16:9 வந்ததும் 15.6 ஆனது. எண் கூடியிருக்கிறது, திரை பெரிசாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 15.4இன் உயரம் 8.16 அங்குலம், 15.6இன் உயரம் 7.65. அரை அங்குலம் போய்விட்டது. பரப்பளவும் 106 சதுர அங்குலத்துக்கு மேல் இருந்தது 104 ஆகக் குறைந்தது. ஒரே குறுக்களவில் எவ்வளவுக்கு எவ்வளவு அகலமாக்குகிறோமோ அவ்வளவுக்குக் கண்ணாடி குறையும், இது பள்ளிக்கூடக் கணக்கு. 15 அங்குலத்தில் 4:3 என்றால் 108 சதுர அங்குலம், 16:9 என்றால் 96.

பிக்சலிலும் இப்படித்தான். 1280 × 800 போய் 1366 × 768 வந்தது. 32 வரிசை நஷ்டம். 768 என்ற பழைய உயரத்தை வைத்துக்கொண்டு 16:9க்கு அகலம் எவ்வளவு என்று போட்டால் 1365.33 வரும், அதை முழுமையாக்கியதுதான் 1366. பத்து வருடத்துக்கு முந்தைய 1024 × 768 திரையில் எத்தனை வரி தெரிந்ததோ அத்தனை வரிதான் இதிலும் தெரியும். இந்த 1366 × 768 வருடக்கணக்காக விலை குறைந்த லேப்டாப் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. என் அக்கா பையனுக்கு அதில் கிடைத்த லேப்டாப்பும் 14 அங்குலம், 1366 × 768தான், அன்றைக்கு அந்த விலையில் சந்தையில் கிடைத்ததே அதுதான். எத்தனையோ வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது, அதில் தமிழ் தட்டச்சு பழகி இன்றைக்கு என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கை பழகிய அந்தத் திரையின் உயரம் ஏழு அங்குலத்துக்கும் குறைவு.

இதே சமயத்தில் மென்பொருள்களும் உயரத்தைத் தின்ன ஆரம்பித்தன. ஆபீஸ் 2007இல் மைக்ரோசாஃப்ட் ரிப்பன் கொண்டுவந்தது, மேலே பட்டையாக ஓர் அடுக்கு பொத்தான்கள். திரை குட்டையாகும் அதே வருடங்களில் மெனு தடிமனாகிறது. நான் டாஸ்க்பாரை இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன், அகலத்தில்தான் சும்மா கிடக்கும் இடம் இருக்கிறதே. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 1920 × 1080 ஃபுல் ஹெச்டி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு இன்னொரு செய்தி: 14 அங்குலத்தில் அது பொடிப்பொடியாகத் தெரியும் என்பதால் விண்டோஸ் பெரும்பாலும் 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். அப்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1280 × 720. எழுத்து கூர்மையாக இருக்கும், அது உண்மையான லாபம். ஆனால் வரிக் கணக்கு 768-க்கும் கீழே போய்விட்டது.

அகலத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிடிஎஃப் ஒரு பக்கம், திருத்தும் ஃபைல் ஒரு பக்கம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்க அகலம் உதவும். எக்ஸெல்லில் கணக்குப் பார்ப்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் 16:9-ஐ விட மாட்டார்கள். ரயிலில் உட்கார்ந்து வேலை செய்யும்போது முன் சீட்டுக்காரர் சாய்ந்துவிட்டால் குட்டையான மூடி முட்டாமல் நிற்கும். அகலம் இருப்பதால்தான் 15.6இல் எண்களுக்குத் தனி கீபேட் வைக்க முடிகிறது. பதிப்பகத்தில் கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு அது இல்லாவிட்டால் கையே ஓடாது.

ஆனால் உயரத்தைக் குறைத்ததால் லேப்டாப் சின்னதாகவும் ஆகிவிடவில்லை. கீபோர்டு, கை வைக்கும் இடம், டச்பேட் மூன்றும் சேர்ந்து அடிப்பாகத்துக்கு ஓர் ஆழம் தேவை, அதைக் குறைக்க முடியாது. மூடியும் அதே அளவு இருக்க வேண்டும். திரை மட்டும் குட்டை. விளைவு, திரைக்குக் கீழே இரண்டு விரல் தடிமனுக்குக் கறுப்புப் பட்டை, நடுவில் கம்பெனி பெயர். பத்து வருடம் பெரும்பாலான லேப்டாப்களில் இதைப் பார்த்தோம். அந்த இடத்தில் ஆறேழு வரி தமிழ் படித்திருக்கலாம்.

நல்ல செய்தி, உயரம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆப்பிள் 11 அங்குல ஏர் தவிர மற்றதில் 16:10-ஐ விடவே இல்லை. கூகுள் 2013இல் குரோம்புக் பிக்சலை 3:2வில் கொண்டுவந்தது, 2014இல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோ 3-ஐ அதே 3:2வில். அப்போது வித்தியாசமாகப் பார்த்தார்கள். 2020இல் டெல் தன் எக்ஸ்பிஎஸ் 13-ஐ 16:10 ஆக மாற்றியது, கீழே இருந்த கறுப்புப் பட்டை திரையாகிவிட்டது. 2021இல் ஃப்ரேம்வொர்க் 3:2, அதே வருடம் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 16:10. சீனாவில் ஓர் ஆர்வலர் குழு பழைய 4:3 திங்க்பேட்டின் உடலுக்குள் புது மதர்போர்டு செய்து வைத்து விற்றார்கள், அந்த அளவுக்குச் சிலருக்கு ஏக்கம் இருந்திருக்கிறது, எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

வருத்தம் என்னவென்றால் இந்த உயரம் முதலில் வந்தது விலை அதிகமானவற்றில். விலை குறைந்த வரிசையில் 15.6 அங்குல 16:9 இன்னும் நிறைய இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் வாங்குவது அதைத்தான், பிடிஎஃப்பில் பாடப்புத்தகம் படிப்பதும் அதில்தான். கல்லூரிகளும் அரசும் மொத்தமாக வாங்கும்போது டெண்டரில் 16:10 என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும். பெரிய ஆர்டருக்கு எந்த நிறுவனமும் காது கொடுக்கும்.

சமீபத்தில் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு போனேன், தம்பி ஒருவருக்குச் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்க. கடைக்காரர் நல்ல மனிதர், "சார், அது 14தான், அதே விலைக்கு இந்தா 15.6 இருக்கு, பெரிசா எடுத்துக்குங்க" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கச் சொல்லி ஸ்கேலை நிறுத்திக் காட்டினேன். 16:10இல் 14 அங்குலத்தின் உயரம் 7.4, 16:9இல் 15.6இன் உயரம் 7.65. கால் அங்குலம் வித்தியாசம், எடையில் நல்ல வித்தியாசம். அவரே ஸ்கேலை வாங்கி ஷெல்ஃபில் இருந்த மற்றதையும் அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, 16 அங்குலம் இருந்தா காட்டுங்க" என்று அதையும் இறக்கச் சொல்லிப் பார்த்தோம். 16:10இல் 16 அங்குலம் என்றால் அகலம் 13.57, அதாவது 15.6 நுழையும் பைக்குள் அகலத்தில் இதுவும் நுழையும். உயரம் 8.48. டெமி பக்கம் 8.46. எனக்கு அதைப் பார்த்ததும் ஏற்பட்ட சந்தோஷத்தை அந்தக் கடையில் யாருக்கும் விளக்க முடியவில்லை. பட்ஜெட் இருப்பவர்கள் புத்தக வேலைக்கு அதையே வாங்குங்கள்.

பட்ஜெட் இல்லாதவர்களுக்கு: கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் வைத்திருந்துவிட்டுக் கழிக்கும் லேப்டாப்கள்தான் ரிச்சி தெருவுக்கும் நரசிங்கபுரம் தெருவுக்கும் வருகின்றன. 2022இல் அலுவலக மாடல்கள் பல 16:10க்கு மாறின, அவை இப்போது வர ஆரம்பித்திருக்கின்றன. திங்க்பேட் டி14 என்றால் ஜென் 2 (இரண்டாம் தலைமுறை) வரை 16:9, ஜென் 3இலிருந்து 16:10. ஹெச்பி எலைட்புக் 840 என்றால் ஜி8 வரை 16:9, ஜி9இலிருந்து 16:10. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரரும் சில நேரம் மாற்றிச் சொல்வார். ஆன் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனைப் பாருங்கள், 1920 × 1200 என்று இருந்தால் எடுங்கள், 1080 என்று இருந்தால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு தமிழ் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் கையோடு கொண்டுபோய்த் திறந்து, 100 சதவீதத்தில் வைத்து, ஸ்க்ரோல் செய்யாமல் எத்தனை வரி தெரிகிறது என்று எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.